பேரிங்குக்கு விண்டேஜ் கிடையாது

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு டேங்கில்தான் தொடங்கும். அந்தத் தங்கக் கோடு கையால் இழுத்ததா, ஸ்டிக்கரா? ஆம்பியர் மீட்டர் அந்தக் காலத்துதானா? ஹேண்டில் பார் யார் மாற்றியது? ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை மூச்சுக்கு ஒருமுறை வரும். சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “பேரிங் செட் மாத்தணும்” என்று மெக்கானிக் சொல்வார், பட்டறைப் பையன் சைக்கிளில் போய் வாங்கி வருவான், அதோடு சரி.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த இன்ஜினில் இருக்கிற பாகங்களிலேயே, வண்டி புதிதாக வந்த நாளில் இருந்ததைவிடத் தரமானதாக இன்றைக்குக் கடையில் கிடைக்கக்கூடியது பேரிங் ஒன்றுதான். பிஸ்டனோ கேம் வீலோ டேப்பட்டோ இன்று கிடைப்பதைப் பார்த்துப் பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். பேரிங் அப்படியில்லை. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் புல்லட் செய்தவர்களும் சரி, திருவொற்றியூரில் செய்தவர்களும் சரி, பேரிங்கை வெளியில் வாங்கித்தான் போட்டார்கள். அது உலகம் முழுக்க ஒரே அளவில் வருகிற சரக்கு. அளவு அப்படியே இருக்கிறது, எஃகு மட்டும் அன்றைக்கு இருந்ததைவிடச் சுத்தமாகியிருக்கிறது. எனவே பேரிங்கில் ‘அந்தக் காலத்து ஒரிஜினல்’ தேடுவது வீண். சரியானதைத் தேர்ந்தெடுப்பது என்பது வேறு விஷயம். எண்ணைச் சொல்லி வாங்கி வந்தால் மட்டும் அது நடந்துவிடாது.

நான் பிரித்த வண்டி என் பெரியப்பாவுடையது. எழுபதுகளின் புல்லட் 350. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்தபோது திருவொற்றியூருக்கு வந்த அதே வடிவமைப்புதான் கிட்டத்தட்ட மாறாமல் இதிலும் இருக்கிறது. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், 5,625 ஆர்.பி.எம்.மில் 18 குதிரைத்திறன். தஞ்சாவூர் பக்கத்து நெல் குடோன் தாழ்வாரத்தில் பல வருஷம் ஸ்டாண்டு போட்டபடி நின்றிருந்தது. கிக்கர் இறங்கியது, இன்ஜின் சுற்றியது, “ஓடுற வண்டிதான்” என்று எல்லாரும் சொன்னார்கள். சுற்றுவது வேறு, ஓடுவது வேறு.

இன்ஜினை இறக்கிப் பிரித்ததை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஹெட், சிலிண்டர், டைமிங் கவர், கிளட்ச், ஆல்டர்னேட்டர் எல்லாம் எந்தப் பட்டறையிலும் தினமும் நடக்கிற வேலை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். டைமிங் பக்கம் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) முனையில் ஆயில் பம்பைச் சுற்றுகிற வார்ம் நட் இருக்கிறதே, அதற்கு இடது மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் ஸ்பானர் போட்டு ஏறி நின்றவர்கள் கிராங்க் மரையையே காலி செய்திருக்கிறார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த நட்டில் கை வைக்கும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “தம்பி, இத மட்டும் பாத்துக்கங்க. இது தலகீழா பேசும்.”

கேஸை, அதாவது கிராங்க் உட்காரும் அலுமினியக் கூட்டை, இரண்டாகப் பிரித்தால் கிராங்கைத் தாங்குவது மூன்று பேரிங். டைமிங் பக்கம் ஒரு ரோலர் (உருளை வைத்தது). டிரைவ் பக்கம், அதாவது பிரைமரி செயின் இழுக்கிற பக்கம், ஒரு ரோலரும் ஒரு பால் பேரிங்கும் (பந்து வைத்தது). ஒரே பக்கத்தில் எதற்கு இரண்டு விதம்? ரோலர் பேரிங் மேலிருந்து விழுகிற அடியை நன்றாகத் தாங்கும். இடவலமாகக் கிராங்க் நகர்வதைத் தடுக்க அதனால் அவ்வளவாக முடியாது. பால் பேரிங் இரண்டையும் செய்யும், ஆனால் ரோலர் அளவுக்குப் பாரம் தாங்காது. ஆகவே அடி ரோலருக்கு, கிராங்கை இடத்தில் நிறுத்துகிற பொறுப்பு பாலுக்கு. ஒரு கணக்கு: 25 மி.மீ. உள் விட்டம், 62 மி.மீ. வெளி விட்டம், 17 மி.மீ. அகலம் என்ற ஒரே அளவில் பால் பேரிங்கின் தாங்குதிறன் கேட்டலாக்கில் 23 கிலோநியூட்டன் சுமாருக்கு இருக்கும். அதே இடத்தில் உட்காரும் இன்றைய ரோலருக்கு அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாரம் இரண்டு மடங்கானால் பால் பேரிங்கின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று புரியும்.

பழைய பேரிங்கைக் கழற்றியதும் தூக்கிப் போடக் கூடாது. அது வாக்குமூலம் கொடுக்கும். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பார்த்தேன். பால் பேரிங்கின் அவுட்டர் ரேஸில், அதாவது வெளி வளையத்தில், ஓடுபாதையின் கீழ்ப்பாதியில் மட்டும் சின்னச் சின்னப் பழுப்புக் குழிகள், சம இடைவெளி விட்டு வரிசையாக. இடைவெளியை அளந்தால் பந்துகளுக்கு நடுவே உள்ள தூரம். வண்டி நின்ற வருஷங்களில் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஒவ்வொரு பந்தின் காலடியிலும் தங்கி அரித்திருக்கிறது. ஓடித் தேய்ந்த பேரிங் என்றால் அடையாளம் வேறு. பாதையில் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கும். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் நீலம் பாய்ந்திருக்கும். இதில் இரண்டும் இல்லை. நிறுத்தி வைத்தே கெட்ட பேரிங். (கழுவிய பேரிங்கைக் கம்ப்ரசர் காற்றில் விர்ரென்று சுற்றவிட்டு சத்தம் கேட்கிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் நல்ல பேரிங்கும் வீணாகும். பந்துகளைப் பிடித்து வைக்கும் கேஜ் சிதறி முகத்தில் அடித்த கதைகளும் உண்டு.)

ரோலரில் கண்டது வேறு. உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் அவுட்டர் ரேஸின் வெளி முதுகு, கேஸுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டிய அந்தப் பரப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பளபளப்பைப் பார்த்து மகிழக் கூடாது. பேரிங் தன் இடத்திலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் தேய்ந்தது எஃகு அல்ல, அலுமினிய கேஸ். இந்த இடத்தில் எத்தனை உயர்ந்த பேரிங்கை வாங்கிப் போட்டாலும் அதுவும் சுற்றத்தான் செய்யும்.

கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். லேத் பட்டறையில் துளை அளக்கும் போர் டயல் இருந்தது. ஹவுசிங்கை, அதாவது கேஸில் பேரிங் உட்காரும் துளையை, நாலு திசையில், மேலே ஒருமுறை, அடியில் ஒருமுறை அளந்தோம். பால் உட்காரும் ஹவுசிங் நன்றாக இருந்தது. டைமிங் பக்க ரோலருடையது பேரிங்கைவிட மயிரிழை பெரிதாகி, வட்டமும் கெட்டிருந்தது. லேத் தம்பி உடனே சொன்னான்: “சென்டர் பஞ்ச் அடிச்சு இறக்கிரலாம் சார், புடிச்சுக்கும்.” பிடிக்கும்தான், ஒரு மாசம். பஞ்ச் அடித்தால் குழியைச் சுற்றி முண்டு முண்டாக எழும்பும் அலுமினியத்தின் மேல் பேரிங் நிற்கும். அந்த முண்டுகள் நசுங்கியதும் பழைய கதைதான். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி ஷிம் வைப்பதும் இதே குடும்பம். கொஞ்சமே லூஸ் என்றால் லாக்டைட் மாதிரி ரிட்டெய்னிங் பசை போதும். வட்டமே கெட்டிருந்தால் ஹவுசிங்கைப் பெரிதாகக் கடைந்து புஷ் என்ற வளையத்தை இறக்கி, இரண்டு கேஸையும் சேர்த்து போல்ட் போட்டு, எதிர்ப்பக்க ஹவுசிங்கை மையமாக வைத்து மறுபடி கடைய வேண்டும். சேர்த்து என்பதுதான் முக்கியம். தனித்தனியாகக் கடைந்தால் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வராது, கிராங்க் கோணிக்கொண்டு ஓடும். அந்த வேலைக்கு நல்ல போரிங் மெஷின் உள்ள இடத்தைத் தேடித் திருச்சிக்குப் போனோம். மொத்தச் செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போனது. பேரிங் மூன்றும் சேர்ந்துகூட அதில் பாதி வரவில்லை.

இனி எண்ணுக்கு வருவோம்.

பேரிங் எண்ணைப் படிப்பது சுலபம். உதாரணத்துக்கு 6305. முதலில் உள்ள 6 என்பது ஒற்றை வரிசை டீப் குரூவ் பால் பேரிங். 3 என்பது கனத்தின் வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம்: 05 ஐந்து மடங்கு 25 மி.மீ. 6205-க்கும் உள் விட்டம் 25தான், ஆனால் வெளியே 52, அகலம் 15. இந்த ஐந்தாம் வாய்ப்பாடு 04-லிருந்துதான் செல்லும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02-க்கு 15, 03-க்கு 17. ரோலர் பேரிங்குக்கு முன்னால் எழுத்து வரும். என்.யு. என்றால் இன்னர் ரேஸில் (உள் வளையத்தில்) விளிம்பே இல்லை, கிராங்க் பக்கவாட்டில் தாராளமாக நகரலாம். என்.ஜே. என்றால் இன்னரில் ஒரு பக்கம் விளிம்பு உண்டு, அந்தப் பக்கம் நகர்வு தடுக்கப்படும். அளவு ஒன்றே, வேலை வேறு. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொன்னால் நம்பக் கூடாது. பால் பேரிங் ஏற்கெனவே கிராங்கைப் பிடித்து நிறுத்துகிற இன்ஜினில், என்.யு. இருக்க வேண்டிய இடத்தில் என்.ஜே. போட்டால் சூடேறி நீளும் கிராங்குக்குப் போக்கிடம் இல்லாமல் போகலாம்.

உங்கள் வண்டிக்கு எந்த எண் என்று நான் இங்கே எழுதவில்லை. வேண்டுமென்றேதான். ஐம்பது வருஷ வண்டியில் எனக்கு முன் எத்தனை பேர் கை வைத்தார்கள், கடைந்தார்கள், மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். கழற்றிய பேரிங்கில் உள்ள எண்ணைப் படியுங்கள், அதையும் நம்பாமல் ஷாஃப்டையும் ஹவுசிங்கையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. பலவற்றில் மெயின் பேரிங் அங்குல அளவு. ஒரு அங்குல ஷாஃப்ட் 25.4 மி.மீ. அதற்கு 25 மி.மீ. பேரிங்கைக் கொடுத்துவிட்டு, “ஷாஃப்ட்ட லைட்டா ஒரு கட்டிங் எடுத்துக்கங்க” என்று சொல்கிற கடைகள் இருக்கின்றன. அங்குல பேரிங் இன்றும் புதிதாகவே செய்கிறார்கள். காத்திருந்து வாங்கலாம். கிராங்கைக் கடைந்தால் திரும்ப வராது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது. அவற்றில் முதலில் கேட்க வேண்டியது சி3.

புது பேரிங்கில் பந்துக்கும் பாதைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். 25 மி.மீ. உள் விட்டமுள்ள பால் பேரிங்கில் சாதாரண ரகத்துக்கு அது 5 முதல் 20 மைக்ரான். சி3-க்கு 13 முதல் 28. சி4-க்கு 23 முதல் 41. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடியின் தடிமனே ஐம்பது, எழுபது மைக்ரான் இருக்கும். இவ்வளவு சின்ன வித்தியாசம் எதற்கு என்று தோன்றும். அலுமினிய கேஸ் எதற்கு என்று காட்டிவிடும்.

அலுமினியம் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். எஃகு சுமார் 12. இன்ஜின் சூடேறி 70 டிகிரி உயர்ந்தால் 62 மி.மீ. ஹவுசிங் கிட்டத்தட்ட 100 மைக்ரான் பெரிதாகும், அதற்குள் இருக்கும் பேரிங் 52 மைக்ரான்தான் பெரிதாகும். ஆக, ஓட்டத்தில் பேரிங்கின் பிடி 48 மைக்ரான் தளர்கிறது. அப்போதும் அது சுற்றாமல் இருக்க வேண்டுமானால் குளிர்ந்த நிலையில் அந்த அளவுக்கு நெருக்கி இறுக்கமாக உட்கார வைத்தாக வேண்டும். அப்படி நெருக்கினால் அவுட்டர் ரேஸ் சுருங்கும். கிராங்கில் இறுக்கி ஏற்றுவதால் இன்னர் ரேஸ் விரியும். இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கினால் நடுவில் இருந்த 5, 10 மைக்ரான் காணாமல் போய், காலையில் முதல் கிக்கிலேயே பந்துகள் பாதையை அழுத்திக்கொண்டு சுற்றும். சி3-யின் கூடுதல் இடைவெளி இந்த நெருக்கலுக்காக விடப்பட்டது. அது தரத்தில் குறைந்ததும் இல்லை, ‘லூஸ் பேரிங்’கும் இல்லை. கையில் பிடித்து ஆட்டிப் பார்த்து “இதுல பிளே இருக்கே, வேற குடுங்க” என்று சாதாரண ரகத்தை வாங்கிப் போகிறவர்களைக் கடையில் நானே பார்த்திருக்கிறேன். ஆட்டிப் பார்க்க வேண்டியது கேஸில் இறக்கிய பிறகு.

அப்படியானால் சி4 இன்னும் நல்லதா? இல்லை. இடைவெளி கூடினால் பாரம் ஒன்றிரண்டு பந்துகளின் மேலேயே விழும், சத்தமும் கூடும். அதிக வேகத்தில் சுற்றும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்கு அது வேண்டியிருக்கலாம். 18 குதிரைத்திறன் புல்லட்டுக்கு சி3 போதும். செராமிக் பந்து போட்ட பேரிங் என்று இப்போது விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். இந்த இன்ஜின் சுற்றுகிற வேகம் சாதாரண எஃகு பேரிங்கின் வேக வரம்பில் பாதியைக்கூடத் தொடாது.

அடுத்தது கேஜ். பந்துகளையும் ரோலர்களையும் இடைவெளி விட்டுப் பிடித்து வைக்கும் வளையம். தகடு அடித்த எஃகு, கடைந்த பித்தளை, கண்ணாடி நார் கலந்த நைலான் என்று மூன்று விதம் கிடைக்கும். நைலான் கெட்டது என்று நம் ஊரில் ஒரு பொதுக்கருத்து உண்டு. உண்மையில் அது எடை குறைவு, ஆயில் சரியாக வராத நேரத்திலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வெந்தால் முறுகிப்போகும். சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்கிற ஏர் கூல்டு இன்ஜினுக்கு நான் எஃகு கேஜைத்தான் கேட்பேன். இது என் கட்சி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ரப்பர் மூடி போட்ட 2ஆர்.எஸ். வகை கிராங்குக்கு வேண்டாம். இன்ஜின் ஆயில் உள்ளே போய்க் குளிப்பாட்ட வேண்டிய இடம் அது.

இங்கே நார்ட்டன் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1972-ல் நார்ட்டன் கம்பெனி தன் 750 சி.சி. கமாண்டோவில் கம்ப்ரஷனைக் கூட்டி ‘காம்பேட்’ என்ற 65 குதிரைத்திறன் இன்ஜினை இறக்கியது. வாங்கியவர்கள் முறுக்கினார்கள். மெயின் பேரிங்குகள் வரிசையாகப் போயின. வேகம் ஏறும்போது கிராங்க் நடுவில் லேசாக வளைந்தது. அப்படி வளையும்போது நேர்க்கோட்டில் செய்த ரோலரின் ஓரம் பாதையைக் கத்தி மாதிரி வெட்டியது. தீர்வாக வந்தது அதே அளவில் இன்னொரு ரோலர் பேரிங்தான். ரோலரின் உடம்பு முழுக்க நேராக இல்லாமல் ஓரங்களில் மயிரிழை அளவுக்குச் சரிந்து, பீப்பாய் மாதிரி இருந்தது. ‘சூப்பர்பிளெண்ட்’ என்று அதற்குப் பேர் விழுந்தது. கமாண்டோ வைத்திருப்பவர்கள் இன்றும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். விட்டம், அகலம், எண் எல்லாம் பொருந்திய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளைவு இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றைக்கு நல்ல கம்பெனிகளின் ரோலர்களில் ஓரச் சரிவு வழக்கமாகவே வருகிறது. அந்தக் காலத்துச் சரக்கைவிட இன்றையது மேல் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் மெழுகுத்தாள் சுற்றிய பழைய பெட்டியில் ‘அப்பவே வந்த ஸ்டாக் சார்’ என்று நீட்டினால் எனக்கு ஆசை வருவதில்லை. பெட்டி அழகாக இருக்கும், அலமாரியில் வைக்கலாம். உள்ளே தடவிய கிரீஸ் காய்ந்து பிசினாகி, அதற்கடியில் துரு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்ஜினுக்குள் வைக்க மாட்டேன்.

வாங்குவது எங்கே? ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். 1907-ல் தொடங்கியது. ஜெர்மனியின் எஃப்.ஏ.ஜி. அதற்கும் மூத்தது. ஜெய்ப்பூரின் என்.பி.சி. 1946-லிருந்து இருக்கிறது. எதுவானாலும் எனக்குச் சம்மதம், அசலாக இருந்தால். சிக்கல் அதில்தான். போலி பேரிங் ஒரு பெரிய வியாபாரம். சென்னையில் ஒரு கடையில் பெரிய கம்பெனி பேர் போட்ட பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். எண் பளிச்சென்று இருந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண் ஒரு கோட்டில், சி3 மட்டும் அதற்கு அரை நூல் கீழே, எழுத்தின் ஆழமும் வேறு. சாதாரண பேரிங்கில் யாரோ பிறகு உட்கார்ந்து சி3 என்று பொறித்திருக்கிறார்கள். பேரிங் அசலோ போலியோ, அந்த இரண்டு எழுத்து பொய். கேட்டதற்கு, “எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்றார் கடைக்காரர். வைத்துவிட்டு வந்தேன்.

அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்குவதைத் தவிர இதற்கு உருப்படியான வழி கிடையாது. சில கம்பெனிகள் செல்போனிலேயே சரிபார்க்க ஆப் வைத்திருக்கின்றன, எஸ்.கே.எஃப்.புக்கு உண்டு. மோட்டார் சைக்கிள் ஸ்பேர் கடையைவிடத் தொழிற்சாலைகளுக்குச் சப்ளை செய்யும் பேரிங் டீலரிடம் போவது நல்லது. கிணற்று மோட்டாருக்கும் பவர்லூமுக்கும் அவர்கள் தினம் விற்கிற சரக்கில்தான் புல்லட்டின் அளவும் இருக்கிறது. ‘புல்லட் பேரிங்’ என்று கேட்டால் முழிப்பார்கள். எண், சி3, எஃகு கேஜ் என்று சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டி எடுத்துத் தருவார்கள். விலையும் ஸ்பேர் கடையைவிடக் குறைவாகவே இருந்தது, ‘புல்லட்’ என்ற பேருக்குக் கூட்டி வைக்கிற காசு அங்கே இல்லை.

கேஸில் இறக்கும் வேலையைச் சுத்தியலால் செய்யக் கூடாது, சூட்டால் செய்ய வேண்டும். புது பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையோடு ராத்திரியே ஃப்ரீசரில் வைத்தேன். கேஸைச் சூடாக்க, தெரிந்தவர் ஒருவரின் பேக்கரி கிடைத்தது. சாயங்கால ரொட்டியை எடுத்த பிறகு ஆறிக்கொண்டிருந்த அடுப்பு. மெக்கானிக் அண்ணன் முதலில் சிரித்தார், எரிவாயு டார்ச்சை ஒரே இடத்தில் காட்டினால் கேஸ் கோணிவிடும் என்று அவருக்கும் தெரியுமாதலால் பிறகு கூடவே வந்தார். சூட்டைப் பார்க்கத் துப்பாக்கி மாதிரியான அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் வைத்திருந்தேன். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கேஸின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு வட்டம் தீட்டி, அதன் மேல் காட்டினால்தான் நம்பலாம். 110-ஐத் தாண்டியதும் அண்ணன் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு சுர்ரென்று பொங்கி வற்றியது. “இப்ப வைங்க.”

கணக்குப்படி அந்தச் சூட்டில் ஹவுசிங் 120 மைக்ரான் விரிந்திருக்கும், ஃப்ரீசரில் பேரிங் 35 மைக்ரான் சுருங்கியிருக்கும். இறுக்கத்துக்கு விட்டது போக பத்தில் ஒரு மில்லிமீட்டர் இடம் மிச்சம். பேரிங்கை நேராகப் பிடித்து விட்டதும் ‘டொக்’ என்று அடியில் போய் உட்கார்ந்தது. இதற்குக் கிடைப்பது சில நொடிதான். கோணலாகப் போனால் பதறி அடிக்காமல் எடுத்துவிட்டு, மறுபடி சூடாக்கி முதலிலிருந்து வர வேண்டும். அடித்தே ஆக வேண்டிய இடம் வந்தால் கேஸுக்குள் இறக்கும்போது அவுட்டர் ரேஸில் மட்டும், ஷாஃப்டில் ஏற்றும்போது இன்னர் ரேஸில் மட்டும். மாறி அடித்தால் அடி பந்து வழியாகப் போய்ப் பாதையில் பள்ளம் விழும். ஓட ஆரம்பித்த அன்றே பேரிங் முனகும்.

மெயின் பேரிங்கில் புதியதே மேல் என்று இவ்வளவு வாதாடிய நான், கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் அடி முனையான பிக் எண்டில் மட்டும் பழையபடியே விட்டேன். வார்ப்பிரும்பு புல்லட்டின் கனெக்டிங் ராடு அடியில் பந்தும் கிடையாது, ரோலரும் கிடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை ஈயம் (ஒயிட் மெட்டல்) பூசிய புஷ் ஒன்று, கிராங்க் பின்னோடும் ஒட்டாமல் ராடோடும் ஒட்டாமல் நடுவில் மிதந்து சுற்றும். பின்னின் வேகத்தைப் புஷ் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதால் உராய்வு இரண்டு பரப்பில் பிரிகிறது. நல்ல ஆயில் தடையில்லாமல் வந்தால் அருமையான ஏற்பாடு. வராவிட்டால் அவ்வளவுதான். அந்த ஆயில் டைமிங் கவரிலிருந்து கிராங்க் முனைக்குள் நுழைகிற இடத்தில் சுண்டு விரல் நகம் அளவில் ஒரு கார்க் சீல் இருக்கிறது. விலை ஒரு டீக்காசு. அது நசுங்கியிருந்தால் ஆயில் கிராங்குக்குள் போகாமல் கவருக்குள்ளேயே ஒழுகிவிடும், பிக் எண்டு பட்டினி கிடக்கும். புல்லட்டில் பிக் எண்டு போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தச் சீலைத்தான்.

அண்ணன் ரோலர் கிட் போடச் சொன்னார். “ஹைவேல போறவங்கல்லாம் அதான் போடுறாங்க தம்பி. ஆயில் ஒரு நிமிஷம் லேட்டானாலும் தாங்கும்.” அது உண்மை. எனக்கு இருந்த தயக்கம் ரோலர் மேல் இல்லை, கிட் மேல். ரோலர் போட்டால் பின்னும் ராடின் கண்ணுமே பேரிங்கின் பாதையாகிவிடுகின்றன. அவற்றின் கடினமும் மெருகும் பேரிங் தொழிற்சாலைத் தரத்தில் இருக்க வேண்டும். மெயின் பேரிங்குக்குக் கேட்டலாக் இருக்கிறது, எண் இருக்கிறது, மைக்ரான் கணக்கு இருக்கிறது. கிட்டுக்கு “நல்லா ஓடும்” என்ற வாய்வார்த்தைதான் இருந்தது. நான் அறுபதுக்கு மேல் ஓட்டுகிற ஆளும் இல்லை. புது புஷ், புது கார்க் சீல், பம்ப் இரண்டையும் கண்ணாடித் தட்டில் வைத்துத் தேய்த்து முகம் சமப்படுத்தியது, இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். தினமும் நெடுஞ்சாலையில் எண்பதில் போகிறவராக இருந்தால், நம்பகமான கிட் கையில் கிடைத்தால், அண்ணன் பக்கம்தான் நானும் பேசுவேன்.

கிராங்கைச் சேர்த்து இரண்டு சென்டருக்கு நடுவே தொங்கவிட்டு, டயல் வைத்து, செம்புச் சுத்தியால் தட்டித் தட்டி, சுற்றும்போது வரும் கோணல் ஓட்டத்தை 0.03 மி.மீ.க்குள் கொண்டுவந்தார் அண்ணன். கேஸை மூடி போல்ட் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தோம். எங்கேயும் பிடிக்காமல், எங்கேயும் தடதடக்காமல் ஒரே எடையாகச் சுற்றியது. மூடும் முன் சுற்றி, மூடிய பின் இறுகினால் எங்கோ கோணல் இருக்கிறது, மறுபடி பிரிக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

ஸ்டார்ட் பண்ணும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பை இணைக்கும், உள்ளே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் கசியும்வரை கிக்கரை மிதித்துக்கொண்டே இருந்தோம். கால் மாற்றி கால் மிதித்ததில் பட்டறைப் பையனுக்குத்தான் முழங்கால் வலி. முதல் ஆயிலை நூறு கிலோமீட்டருக்குள் இறக்கிவிட்டேன். அடியில் வெள்ளை ஈயத்தின் மினுமினுப்பு கொஞ்சம் இருந்தது, புது புஷ்ஷுக்கு அது சகஜம். காந்தம் விட்டுத் துழாவியதில் எஃகுத் துகள் எதுவும் ஒட்டவில்லை. ஐந்நூறில் மறுபடி இறக்கியபோது மினுமினுப்பும் குறைந்திருந்தது. மூன்றாவது கியரில் மட்டும் ஒரு ஊளை கேட்கிறது. அது இன்ஜின் சத்தமில்லை, ஆல்பியன் கியர்பாக்ஸ். பொங்கல் கழித்து அதைப் பிரிக்கிறோம்.